மேம்பாலத்து இறக்கமும் பெரிய டிஸ்க்கும்

"அக்கா, நீங்க ரெண்டு சீட்டு எடுத்துக்கோங்க" என்று திண்டிவனத்தில் ஒரு ஷேர் ஆட்டோக்காரர் என்னிடம் சொன்னார். கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை. கிண்டலாக இருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். லக்கேஜுக்கு வாடகை சொல்கிற தோரணையில் சொன்னார். உள்ளே உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, பாவம், எனக்காகத் தன் கூடையை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டாள். அந்தக் கருணையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆட்டோ வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஸ்டேஷன் வரைக்கும் நடந்தேன். ரயில் போய்விட்டிருந்தது.

நான் விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். காலையில் ரயில், மாலையில் ரயில். நாள் முழுக்க மலமும் சளியும் சிறுநீரும் என் கையில்தான். அதில் எனக்கு அருவருப்பு வந்ததே இல்லை. அதெல்லாம் பொய் சொல்லாத சரக்கு. மனிதர்கள் வாயைத் திறந்தால்தான் எனக்குக் குமட்டும்.

வீடு திண்டிவனத்தில், ரயில்வே மேம்பாலத்துக்கு இந்தப் பக்கம். ஸ்டேஷன் அந்தப் பக்கம். கல்யாணம் ஆனதிலிருந்து என்னை ஸ்டேஷனில் இறக்கிவிடுவது என் வீட்டுக்காரரின் வேலை. அவர் உரக்கடை வைத்திருக்கிறார். ஒன்பதரைக்குக் கடை திறந்தால் போதும் என்பதால் அவருக்குக் காலை என்பது ஒரு நீளமான விஷயம். பேப்பர் படிக்க வேண்டும், ஸ்கூட்டரைத் துணி போட்டுத் துடைக்க வேண்டும், கண்ணாடியில் எச்சில் தொட்டுக் கறை எடுக்க வேண்டும். நான் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன். "வர்றேன் இரு, இன்னா இப்ப ரயிலு ஒனக்கு மட்டுமா போவுது?" என்பார். எனக்கு மட்டும் போகவில்லை, என்னை விட்டுவிட்டும் போகும் என்பது அவருக்கு உறைக்கவே உறைக்காது. ஸ்கூட்டரை நானே கற்றுக்கொள்கிறேன் என்று கேட்டதற்கு, "ஒன் பாரத்துக்கு சஸ்பென்ஷன் தாங்காது" என்றார். தொண்ணூற்று நான்கு கிலோ நான். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. மற்றவர்கள் அதை வைத்து எனக்குத் திட்டம் போடுவதில்தான் எரிச்சல்.

சென்னையில் இருக்கிற என் தம்பி புது சைக்கிள் வாங்கியபோது பழையதை எனக்கு அனுப்பினான். மலையில் ஓட்டுவதற்கென்றே செய்த கியர் சைக்கிள். தடித்த டயர், டிஸ்க் பிரேக். திண்டிவனத்தில் மலைக்கு எங்கே போவது? மேம்பாலம்தான் எங்களுக்கு மலை. சுடிதார் மேல் ஒரு முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு முதல் நாள் அதில் ஏறி ஸ்டேஷனுக்குப் போனபோது ரயில் வருவதற்குள் ஒரு டீ குடித்தேன். எத்தனையோ வருஷமாக அந்தப் பிளாட்பாரத்தில் ஓடி ஓடி ஏறியவள், அன்றைக்கு உட்கார்ந்து டீ குடித்தேன். அந்த டீயை யாரும் என்னிடமிருந்து பிடுங்கக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்துகொண்டேன்.

மழைக்காலம் வந்ததும் பிடுங்கப் பார்த்தார்கள். மாலை ரயிலில் வந்து, பாலத்தில் ஏறி வீட்டுப் பக்கம் இறங்கும்போது, முன்னால் ஒரு டிராக்டர் ஆடி ஆடிப் போனது. இறக்கம் முழுக்கப் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தேன். பாதி இறக்கத்தில் தீய்ந்த வாடை. அப்புறம் பிரேக் பிடி ஹேண்டில்பார் வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது, சைக்கிள் நிற்கவில்லை. டிராக்டரை விட்டு ஒதுங்கி, பாலம் முடிகிற இடத்தில் நின்றிருந்த கொய்யாப்பழ வண்டியில் போய் முட்டினேன். யாருக்கும் ஒன்றும் இல்லை. பழமெல்லாம் சேற்றில் உருண்டது. பழக்காரர் திட்டினார், அது நியாயம். சுற்றி நின்றவர்களில் ஒருவர், "இந்த ஒடம்பை வெச்சிக்கினு இதுக்கு சைக்கிள் கேக்குதா" என்றார். அது என்ன நியாயம் என்று இன்றுவரை தெரியவில்லை.

வீட்டுக்காரருக்கு நான் சொல்வதற்கு முன்பே சேதி போய்விட்டிருந்தது. "நின்னா ஓட்டு. நிக்கலன்னா வித்துடலாம். ஒனக்கு ஏதாவது ஆச்சின்னா யாரு பாக்கறது?" என்றார். எனக்கு ஏதாவது ஆகக் கூடாது என்று அவர் சொல்லவில்லை பாருங்கள். யார் பார்ப்பது என்பதுதான் கவலை. ஆனாலும் அதில் ஒரு வழி இருந்தது. நின்றால் ஓட்டலாம். சரி, நிற்க வைக்கிறேன் என்றேன்.

விஷயம் லேசானது. சக்கரத்தின் நடுவில் ஒரு இரும்புத் தட்டு சுற்றுகிறது. அதுதான் டிஸ்க். பிரேக் பிடித்தால் இரண்டு பக்கமும் இரண்டு சின்னப் பேட்கள் அதைக் கவ்வி நிறுத்தும். தட்டு சின்னதாக இருந்தால் நடுவுக்குப் பக்கத்தில் கவ்வ வேண்டும், ரொம்பச் சூடாகும். தட்டு பெரிதாக இருந்தால் தள்ளிக் கவ்வும். கதவைக் கீல் பக்கம் பிடித்து நிறுத்துவதற்கும் ஓரத்தில் பிடித்து நிறுத்துவதற்கும் எவ்வளவு வித்தியாசம், அவ்வளவுதான். என் சைக்கிளில் இருந்தது நூற்றறுபது மில்லிமீட்டர். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க்கும் பின் சட்டமும் நூற்றெண்பது வரைக்கும் தாங்கும் என்று தம்பி கம்பெனிப் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னான். இதில் என் எடையைப் பற்றி யாரும் கூச்சப்படவோ சிரிக்கவோ ஒன்றுமில்லை. கனமான ஆளுக்குப் பெரிய டிஸ்க், அவ்வளவுதான் கணக்கு. மனிதர்களிடமிருந்து எனக்குக் கிடைக்காத மரியாதை அந்தக் கணக்கில் இருந்தது.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் விழுப்புரத்தில் ஒரு பெரிய சைக்கிள் கடைக்குப் போனேன். வீட்டுக்காரர் உர மூட்டை விஷயமாக அங்கே வந்திருந்தார், அவரும் கூட வந்தார். அவரை அழைத்துப் போனதுதான் நான் செய்த அசட்டுத்தனம். நான் கேட்டேன்: "முன்னாடி பின்னாடி ரெண்டுக்கும் நூத்தியெண்பது டிஸ்க் வேணும். அதுக்கு அடாப்டரும் வேணும்." கடைக்காரர் அவரைப் பார்த்து, "யாருக்கு சார், பையனுக்கா?" என்றார்.

"இல்ல, வீட்ல" என்று அவர் தலையால் என்னைக் காட்டினார்.

கடைக்காரர் என்னை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தார். துணிக்கடையில் அளவு எடுப்பவர்கூட அப்படிப் பார்க்க மாட்டார். "ஓ. அப்போ எரநூறே போட்டுடலாமே சார்" என்று சிரித்தார். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். என்னை விட்டுக்கொடுத்துவிட்டு அந்த இடத்தில் நல்ல பெயர் வாங்குகிற சிரிப்பு.

"எரநூறு போட்டா ஃபோர்க்கு தாங்காதுங்க. நூத்தியெண்பது தான் கணக்கு" என்றேன்.

"மேடம் போன்ல வீடியோலாம் பாப்பாங்க போலருக்கு சார்" என்று அதையும் அவரிடமே சொன்னார். "அடாப்டர்லாம் எதுக்கு? ரெண்டு வாஷர வெச்சி ஏத்திக்கினா முடிஞ்சிது. எல்லாரும் அப்பிடித்தான் பண்ணிக்கினு போறாங்க."

தட்டு பெரிதானால் அதைக் கவ்வுகிற காலிப்பரும் அதே அளவுக்குத் தள்ளி உட்கார வேண்டும். அதற்கென்று செய்த துண்டுதான் அடாப்டர். அதற்குப் பதில் வாஷரை அடுக்கி வைத்து, அதன் மேல் என் உயிரை வைக்கச் சொல்கிறார். "வாஷர் வேணாம். அடாப்டர் இருந்தா எடுங்க, இல்லன்னா போறேன்" என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, உள்ளே போய்த் தூசி படிந்த ஒரு டப்பாவிலிருந்து எடுத்துவந்தார். டிஸ்க்கையும் உறையிலிருந்து உருவி, நேராக அதன் முகத்தில் கட்டை விரலை வைத்து, "நல்ல சரக்கு சார்" என்று நீட்டினார். மேஜைமேல் பேப்பரில் பாதி தின்ற பஜ்ஜி கிடந்தது. அந்த எண்ணெய்க் கட்டை விரல்தான்.

என் லேபில் ஒரு கண்ணாடி ஸ்லைடில் விரல் பட்டால் அந்தச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். பிரேக் டிஸ்க்கும் அப்படித்தான், கவ்வுகிற முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கே ஆகாது. "தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன். கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே வந்ததும் வீட்டுக்காரர் சொன்னார்: "அந்த ஆளு இன்னா நெனச்சிருப்பாரு?" அந்த ஆள் என்ன நினைத்தார் என்பது பஸ் ஏறும் வரைக்கும் அவருக்குப் பேஜாராக இருந்தது. என்னை என்ன சொன்னார் என்பது இல்லை.

மறுநாள் மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து வராந்தாவில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினேன். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறிக்கு என் நாத்தனார் வந்துவிடுவாள். வீட்டுக்காரருக்கு அக்கா. பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். அவள் நாற்காலி போட்டு உட்கார்ந்து நான் வேலை செய்வதை வேடிக்கை பார்த்தாள். வீட்டுக்காரர் டீயோடு நின்றார்.

"மெக்கானிக் கடைங்கதான் தெருவுக்கு ரெண்டு இருக்குதே" என்றார் அவர்.

"தட்டு பெருசானா போதுமா? ஆளு சின்னதாவ வேணாமா?" என்றாள் நாத்தனார். தம்பியும் அக்காவும் சேர்ந்து சிரித்தார்கள். என் வீட்டு வராந்தா, என் வீட்டு டீ, என் வீட்டுக் கறி.

ஸ்டார் கீ போட்டுப் பழைய டிஸ்க்கின் திருகுகளைக் கழற்றினேன். ஒன்று மட்டும் சண்டி செய்தது. அதன் மேல் என் முழு பாரத்தையும் போட்டேன், சுற்றிக்கொண்டு வந்தது. பாரத்துக்கு ஒரு வேலை கிடைத்தது என்று எனக்குள் ஒரு திருப்தி. புது டிஸ்க்குகளை லேபிலிருந்து கொண்டுவந்த ஸ்பிரிட்டால் துடைத்தேன். பஞ்சு வெள்ளையாக வரும் வரைக்கும் துடைத்தேன். ஓரத்தைப் பிடித்தே மாட்டி, திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். அடாப்டரை வைத்து காலிப்பரை உட்கார வைத்தேன். முதலில் சர் சர்ரென்று உரசியது. காலிப்பரின் திருகைத் தளர்த்தி, பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறுக்கினால் அது தானாக நடுவில் வந்து உட்காரும். பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பார்த்தேன். டிஸ்க்குக்கு இரு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் தெரிந்தது. சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். சத்தமே இல்லை.

"ஒரு மணி நேரம் ஒக்காந்தது இதுக்கா?" என்று நாத்தனார் எழுந்து சமையலறைக்குப் போனாள். கறி வெந்ததா என்று பார்க்க.

புது டிஸ்க்கைப் போட்டதும் இறக்கத்தில் விடக் கூடாது. சமதரையில் ஓட்டி, மெல்ல மெல்லப் பிடித்துப் பிடித்துப் பேட்டைப் பழக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க மாலையில் தெருவில் அதைச் செய்தேன். வெள்ளிக்கிழமை வந்தபோது இரண்டு விரல் போதும். நினைத்த இடத்தில் நின்றது. வீட்டுக்காரரும் வாசலிலிருந்து பார்த்தார். அவர் முகத்தில் ஒரு மெச்சுதல் தெரிந்தது. எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

"சரி, ஞாயித்துக்கெழம கோயில்ல ஃபாதர்கிட்ட மந்திரிச்சிக்கலாம். புதுசா சாமானெல்லாம் போட்டுருக்க இல்ல? அங்கேர்ந்து நேரா பாலத்துல ஏறு. நான் அந்தாண்ட கீழ நிக்கறேன். என் முன்னாடி வந்து நிறுத்திக் காட்டிடு. அப்புறம் நான் எதுவும் கேக்க மாட்டேன்" என்றார். எங்கள் பங்குக் கோயிலில், யாராவது புது வண்டி வாங்கினால் பூசை முடிந்ததும் சாமியார் செபம் சொல்லித் தண்ணீர் தெளிப்பார். கார், டிராக்டர், பைக் எல்லாம் நிற்கும். சைக்கிள் நின்றதில்லை. நிற்கட்டும் என்று ஒத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை நான் விழுப்புரத்தில் இருந்தேன். அன்றைக்கு அவசரக் கேஸ்கள் அதிகம், ராத்திரி ரயிலில் அலுத்துப்போய் வந்து படுத்தேன். காலையில் நானும் நாத்தனாரும் ஆட்டோவில் கோயிலுக்குப் போனோம். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னாடியே போய்விட்டார். கோயில் வாசலில் பார்த்தபோது எனக்கு ஒரு கணம் அடையாளமே தெரியவில்லை. சட்டம், சக்கரம், டயர் எல்லாம் மின்னியது. ஹேண்டிலில் மல்லிகைப்பூ சுற்றியிருந்தார். யாருக்கும் தெரியாமல் எனக்காக இதைச் செய்திருக்கிறார் மனுஷன் என்று நெஞ்சு இளகிவிட்டது. சாமியார் தண்ணீர் தெளித்தார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். வீட்டுக்காரர் ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறி முன்னால் போனார்.

கோயில் வாசலிலிருந்து சாலை நேராகப் பாலத்தில் ஏறுகிறது. ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலை இல்லை. உச்சியில் ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்கினேன். கீழே, இறக்கம் முடிகிற இடத்தில், அவர் வெள்ளைச் சட்டையில் சாலையின் இடது பக்கத்தில் நின்று கையைக் கட்டிக்கொண்டிருந்தார். நாத்தனாரும் ஆட்டோவில் போய் இறங்கியிருந்தாள். டீக்கடையில் நாலு பேர். நான் பெடலை மிதித்து இறங்கினேன்.

பாதியில் இரண்டு விரலால் பிடித்தேன். பிடி கல் மாதிரி இறுகியது, ஆனால் சைக்கிள் அதைக் காதில் வாங்கவே இல்லை. வழுக்கிக்கொண்டு போனது. நான்கு விரலையும் போட்டுப் பிடித்தேன். உஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். "நகருங்க! நகருங்க!" என்று கத்தினேன். அவர் நான் ஏதோ உற்சாகத்தில் கத்துகிறேன் என்று நினைத்துக் கையை ஆட்டினார். நான் வலது பக்கம் ஒடித்தேன். அதே நேரம் அவருக்கு விஷயம் புரிந்து அவரும் அதே பக்கம் குதித்தார். ஹேண்டில் அவர் இடுப்பில் இடித்தது. அவர் கையை ஊன்றி விழுந்தார். நான் அந்தாண்டை மண்ணில் சரிந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டேன். அவர் மேல் நான் விழவில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன், ஏனென்றால் அரை மணி நேரத்துக்குள் ஊர் முழுக்க நான் அவர் மேல் விழுந்துவிட்டதாகத்தான் பேச்சு. "அந்தம்மா மேல வுழுந்தும் ஆளு உசுரோட இருக்கறதே பெருசு" என்று டீக்கடைக்காரர் சொன்னது எனக்கே கேட்டது.

அவருக்கு வலது மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டிருந்தது. மாவுக்கட்டு போட்டார்கள். கட்டில் பக்கத்தில் நின்று நாத்தனார் வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரிடமும் சொன்னாள்: "டிஸ்க்கு இல்ல, லாரி பிரேக்க கொண்டாந்து மாட்டினாலும் நிக்காது. வெயிட்டு தாங்க வெயிட்டு. நான் அன்னிக்கே சொன்னேன்." நர்ஸ் என்னைப் பார்த்தாள். டாக்டரும் பார்த்தார். "கொஞ்சம் கொறைங்கம்மா" என்று அவர் பங்குக்குச் சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். வலி என்று நினைத்தேன்.

எனக்கு மனசு ஆறவில்லை. வெள்ளிக்கிழமை நின்ற பிரேக் ஞாயிற்றுக்கிழமை எப்படி நிற்காமல் போகும்? இரண்டு நாளில் நான் இரண்டு மடங்கு ஆகிவிட்டேனா? சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து முன் டிஸ்க்கைத் துடைத்தேன். பஞ்சு பழுப்பாக வந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

டீசல்.

பஞ்சை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நீட்டினேன். "இது இன்னாங்க?"

அவர் கண்ணை மூடினார். திறந்தார். "கோயிலுக்குப் போவுதே, பளிச்சுன்னு இருக்கட்டும்னு சனிக்கெழம வாட்டர் சர்வீஸுக்கு வுட்டேன்."

எங்கள் பக்கம் வாட்டர் சர்வீஸ் என்றால் தண்ணீர் அடித்துக் கழுவுவதோடு முடியாது. கடைசியில் துப்பாக்கி மாதிரி ஒரு குழாயால் வண்டி முழுக்க டீசலைப் பனி மாதிரி அடிப்பார்கள். துருப் பிடிக்காது, மினுமினுப்பு வரும். அதை அடிக்காமல் அனுப்பினால் கழுவியதற்கே அர்த்தமில்லை என்று வண்டிக்காரர்கள் சண்டைக்குப் போவார்கள். லாரிக்கு அடிப்பார்கள், பைக்குக்கு அடிப்பார்கள். என் சைக்கிளுக்கும் அடித்திருக்கிறார்கள்.

"டிஸ்க்கு மேலயுமா?"

"எல்லாத்துக்கும் மேலயுந்தான். டயர்ல கொஞ்சம் எக்ஸ்ட்ராவா அடிக்க சொன்னேன்."

பூச்சுற்றியது, மின்னியது, என் நெஞ்சு இளகியது எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. சரி, தெரியாமல் செய்ததுதானே. பாசத்தில் செய்தது. அதுவரைக்கும் எனக்குக் கோபம்கூட இல்லை. சிரிப்புதான் வரப் பார்த்தது. ஆனால் ஒன்று கேட்டுவிட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"ஆஸ்பத்திரியில இருக்கறப்பவே ஒங்களுக்குத் தெரியுமா?"

"சந்தேகமா இருந்துச்சி."

"அப்போ ஏன் சொல்லல? ஒங்கக்கா எல்லார்கிட்டயும் என் வெயிட்டு வெயிட்டுன்னு சொல்லிக்கினு இருந்தாங்களே."

"அக்கா முன்னாடி எப்பிடி சொல்றது? நான்தான் டீசல் அடிச்சேன்னா கேவலமா இருக்காது?" என்றார். பிறகு, என்னைச் சமாதானம் செய்கிற குரலில், "ஒன்ன சொன்னா ஒனக்கு புதுசா இன்னா ஆவப் போவுது?" என்றார்.

சீ என்று போய்விட்டது. கையில் இருந்த பஞ்சைவிட அந்த வார்த்தை நாறியது. ஏற்கெனவே அழுக்கான துணியில் இன்னொரு கறை பட்டால் என்ன என்பது மாதிரி என்னை நினைத்திருக்கிறார். இத்தனை வருஷமும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். நான் பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவினேன். ஸ்பிரிட் வாடை, டீசல் வாடை, மல்லிகைப்பூ வாடை எல்லாம் சேர்ந்து என் மேல் இருந்தது. மறுபடி கழுவினேன்.

அடுத்த நாள் நாத்தனார் வந்து, சைக்கிளை வாங்க மயிலம் பக்கத்தில் ஒரு ஆள் இருப்பதாகச் சொன்னாள். "விக்கறதுக்கு இல்ல" என்றேன். "டீசல் பட்டதால தான் வழுக்குச்சி. ஒங்க தம்பியையே கேளுங்க." அவள் தம்பியைப் பார்த்தாள். அவர் மாவுக்கட்டைத் தடவிக்கொண்டே, "ஆமாக்கா, எங்கியோ கொஞ்சம் டீசல் பட்டுடுச்சி போலருக்கு" என்றார். வானத்திலிருந்து சொட்டியது மாதிரி. அவள் யோசித்துவிட்டு, "டீசல் பட்டாலும் லேசான ஆளா இருந்தா நின்னுருக்கும்" என்றாள். இதற்கு மேல் அவர்களோடு பேசுவதில் எனக்கு விருப்பம் இல்லாமல் போனது.

டீசல் குடித்த பேட் எதற்கும் ஆகாது. அதைச் சுரண்டினாலும் சுட்டாலும் உள்ளே ஊறியது வராது. மறுபடியும் விழுப்புரத்தில் அதே கடைக்குப் போனேன். வேறு கடையில் அந்தப் பேட் இல்லை. கடைக்காரர் என்னைப் பார்த்ததும் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "சார் வர்லீங்களா?" என்றார். "பேட் ரெண்டு ஜோடி. கவரப் பிரிக்காம குடுங்க" என்றேன். பிரிக்காமல்தான் கொடுத்தார்.

ஆனால் சைக்கிளை உடனே எடுக்க முடியவில்லை. வலது கை இல்லாத மனுஷனைக் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, சோறு பிசைந்து கொடுத்து, அதற்கப்புறம் ஓடி ஷேர் ஆட்டோ பிடித்துப் போக வேண்டியிருந்தது. இரண்டு சீட்டு என்று யாராவது சொன்னால் சொல்லட்டும் என்று ஏறி உட்கார்ந்தேன். நேரத்துக்கு ரயிலைப் பிடித்த நாள் குறைவு. அந்த மாதம் முழுக்க நடையும் இல்லை, சைக்கிளும் இல்லை, மீந்த சோறெல்லாம் என் வயிற்றில். லேபில் எடை மெஷின் இருக்கிறது. இரண்டு கிலோ ஏறியிருந்தேன்.

கட்டுப் பிரிக்கிற வாரத்தில் ஞாயிறு மத்தியானம் உட்கார்ந்து டிஸ்க்குகளைக் கழற்றி, பஞ்சு வெள்ளையாக வரும் வரைக்கும் மறுபடி துடைத்து, புதுப் பேட் போட்டு மாட்டினேன். இருட்டும் வரைக்கும் மறுபடி தெருவில் பழக்கினேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில் நான் சைக்கிளை எடுத்தபோது அவர் மாவுக்கட்டோடு வாசலில் தயாராக நின்றார். "நீ மொதல்ல ஒரு தடவ எறங்கிக் காட்டு. அப்புறம் ஸ்டேஷனுக்குப் போ. நான் பாக்காம எப்பிடி அனுப்பறது?" என்றார். வாக்குவாதம் செய்ய நேரமில்லை. அவர் ஷேர் ஆட்டோவில் பாலத்தைக் கடந்து ஸ்டேஷன் பக்கம் போய் இறங்கினார்.

நான் உச்சியிலிருந்து பார்த்தேன். இந்தத் தடவை அவர் சாலையில் இல்லை. மின்கம்பத்துக்குப் பின்னால் பாதி உடம்பை மறைத்துக்கொண்டு நின்றார். இறங்கினேன். நடு இறக்கத்தில் வேண்டுமென்றே பிரேக்கைத் தொடவில்லை. காற்று காதில் அடித்தது. கம்பம் நெருங்கியதும் இரண்டு விரலால் பிடித்தேன். சைக்கிள் அப்படியே அடங்கி, கம்பத்துக்கு நேராக நின்றது. ஒரு சத்தம் இல்லை. என்னை முழுசாக, எந்தக் கேள்வியும் கேட்காமல், அந்தத் தட்டு இரண்டும் பிடித்து நிறுத்தின.

அவர் கம்பத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். முகமெல்லாம் சந்தோஷம். பொய்யான சந்தோஷம் இல்லை, அதுதான் கொடுமை. டிஸ்க்கைக் குனிந்து பார்த்தார், என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பாத்தியா, நின்னுடுச்சி! நான் அப்பவே நெனச்சேன், நீ இந்த ஒரு மாசத்துல நல்லா எளச்சிட்ட. அதான் நிக்குது" என்றார்.

அவர் கண்ணைப் பார்த்தேன். நம்பித்தான் சொன்னார். டீசல் என்று ஒன்று நடந்ததே அவருக்குள் இல்லை. எனக்கு அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வந்தது.

"சரி, இனிமே நீயே ஓட்டிக்கோ" என்று பெருந்தன்மையாகக் கையை ஆட்டினார்.

நான் பெடலில் காலை வைத்தேன். ஸ்டேஷனுக்கு இன்னும் கொஞ்ச தூரம் இறக்கம் இருந்தது. கொஞ்சம் போனதும் பின்னால் அவர் குரல் கேட்டது, "ஏய், இரு, என்னை ஆட்டோ ஏத்தி வுட்டுட்டுப் போ." நான் பிரேக்கைத் தொடவில்லை.